பதினேழாம் நம்பர் மனு

எங்கள் ஊர்ப் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் நாளைக்கே கோர்ட் வராந்தாவில் நாலு பேர் மடக்கிக் கேள்வி கேட்பார்கள். திருநெல்வேலியில் பஸ் ஏறினால் முக்கால் மணி நேரம், ஆற்றுக்குத் தென்கரை, ஒரு கோர்ட் வளாகம், ஒரு கிளைச் சிறை, ஒரு தாலுகா ஆபீஸ், நடுவில் வாழைத்தார் மண்டி. இது போதும். என் பெயர் மகாராஜன். முப்பத்தோரு வருடமாக வக்கீல் குமாஸ்தா. எங்கள் வக்கீல் சிவில் மட்டும் பார்க்கிறவர், அதனால் வரப்புத் தகராறும் பாகப்பிரிவினையுமாக என் காலம் போய்விட்டது. கோபக்காரன் என்று பெயர் எடுத்திருக்கிறேன். அதை நான் மறுப்பதும் இல்லை.

சொல்ல வந்தது ஸ்வீட்லினைப் பற்றி. கிளைச் சிறைக்கு எதிர்ச் சந்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவள். வயது நாற்பத்தாறு. பாளையங்கோட்டையில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, பி.எஸ்ஸி. கணக்கு முடித்து, பள்ளி வேன் ஓட்டும் ஹெப்ரானைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊருக்கு வந்தவள். தாலுகா ஆபீஸ் கூட்டத்தை நம்பித்தான் கடை போட்டாள். வந்து சேர்ந்தது ஜெயில் கூட்டம்.

பதினாலு வருடத்துக்கு முன்னால் ஒரு பெண் அவள் கடை வாசலில் உட்கார்ந்து அழுதிருக்கிறாள். உள்ளே இருக்கும் தம்பியைப் பார்க்க மூன்று முறை வந்து மூன்று முறையும் திரும்பியவள். முதல் தடவை ஆதார் நகல் இல்லை. இரண்டாம் தடவை நகல் இருந்தது, தாளில் தம்பியின் கேஸ் நம்பர் இல்லை. மூன்றாம் தடவை எல்லாம் இருந்தது, நேரம் முடிந்துவிட்டது. இதையெல்லாம் முதல் நாளே ஒரே மூச்சில் சொல்லித் தொலைத்தால் வாசலில் நிற்கிற காவலரின் வாயில் இருக்கிற முத்து உதிர்ந்துவிடுமா? ஸ்வீட்லின் அன்றைக்கு அந்தப் பெண்ணுக்குத் தாளை எழுதிக் கொடுத்தாள். மறுநாள் அவள் இன்னொருத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு கூட்டம் நிற்கவே இல்லை.

இந்தத் தாளைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாம் நாசமானது இதனால்தான். ஜெயிலில் இருப்பவரைப் பார்க்க வேண்டுமானால் இன்னார் இன்னாரைப் பார்க்க வந்திருக்கிறேன் என்று எழுதி வாசலில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளுக்குப் பெயர் மனு. நாளடைவில் பார்ப்பதற்கே மனு என்று பெயராகிவிட்டது. 'மனுப் பாக்கப் போறேன்' என்பார்கள், 'இன்னைக்கு மனு உண்டா' என்பார்கள். உள்ளே இருப்பவனும் 'எனக்கு மனு வந்திருக்கு' என்றுதான் ஓடி வருவான். ஜாமீன் கேட்டுக் கோர்ட்டில் போடுவதும் மனுதான். திங்கட்கிழமை கலெக்டரிடம் கொடுப்பதும் மனுதான். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று காரியத்துக்கும் ஒரே பெயர். யார் வைத்தார்களோ, அவரை நேரில் பார்த்தால் நாலு வார்த்தை கேட்பேன்.

தாள் எழுதுவதோடு ஸ்வீட்லின் நின்றிருக்கலாம். நிற்கவில்லை. சபை ஐயரிடம், அதாவது அவர்கள் பாஸ்டரிடம், கெஞ்சிக் கூத்தாடி ஞாயிறு பள்ளி அறையை வாங்கி, மாதம் ஒரு சனிக்கிழமை ஜெயில் குடும்பத்துப் பெண்களை உட்கார வைத்துப் பேசினாள். எந்த வக்கீலிடம் போக வேண்டும், இலவச சட்ட உதவி எங்கே கிடைக்கும், உள்ளே மருந்து கொடுக்க யாரிடம் சீட்டு வாங்க வேண்டும் என்று சொல்லிக் கொடுத்தாள். உறவுக்காரர்கள் 'கள்ளனுக்கு வக்காலத்து வாங்குதா' என்றார்கள். மகளைப் பெண் கேட்டு வந்த ஒரு வீட்டார் 'ஜெயில்காரி மகளா' என்று விசாரித்துவிட்டு வராமலே இருந்துவிட்டார்கள். ஹெப்ரான் பாவம், வாயில்லாத மனுஷன். மத்தியானம் அவரே சோற்றுப் பாத்திரத்தைக் கடைக்குக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார், அவள் சாயங்காலம் அதை மூடி திறக்காமல் திருப்பிக் கொண்டுபோவாள்.

வெயிலில் நிற்கும் குடும்பத்தாருக்கு வெளியே ஒரு பெஞ்சும் தகரக் கூரையும் வேண்டும் என்று மூன்று வருடம் எழுதினாள். நாற்பது பெண்களிடம் கைநாட்டும் கையெழுத்தும் வாங்கிப் போய்க் கொடுத்தாள். கடைசியில் பெஞ்ச் வந்தது. நல்ல தேக்கு பெஞ்ச். அதைக் கொண்டுபோய்க் கதவுக்கு உள்ளே போட்டார்கள். குடும்பத்தார் அங்கே போக அனுமதி கிடையாது. இன்றைக்கும் அதில் காவலர்கள் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு டீ குடிக்கிறார்கள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை, மறுபடியும் முதலிலிருந்து எழுத ஆரம்பித்தாள். இவள் இப்படித்தான் என்று எனக்கு அன்றைக்கே எரிச்சல் வந்தது.

உள்ளே இருப்பவன் அதைச் செய்தானா இல்லையா என்று அவள் கேட்கவே மாட்டாள். ஒரு தடவை நான் கேட்டதற்கு, அது ஜட்ஜ் பார்க்கிற வேலை, நான் நாள் எண்ணுகிற வேலையைப் பார்க்கிறேன் என்றாள். உண்மையிலேயே எண்ணுவாள். சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. ஒருவனைப் பிடித்து உள்ளே வைத்த பிறகு, சின்னக் குற்றமென்றால் அறுபது நாளைக்குள், பெரிய குற்றமென்றால் தொண்ணூறு நாளைக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகையைக் கோர்ட்டில் கொடுத்துவிட வேண்டும். கொடுக்காவிட்டால், அவன் கேட்கிற ஜாமீனைக் கோர்ட் கொடுத்தே ஆக வேண்டும். பழைய கேஸ் இருக்கிறது, ஆள் சரியில்லை என்றெல்லாம் சாக்குச் சொல்ல முடியாது. ஆனால் கேட்க வேண்டும். கேட்காமல் இருந்து, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்து விழுந்துவிட்டால் அந்த உரிமை போயே போய்விட்டது. வாயுள்ளவனுக்குத்தான் அந்தக் கதவு திறக்கும். ஸ்வீட்லின் ஒரு நோட்டில் ஒவ்வொருவன் உள்ளே போன தேதியையும் எழுதி வைத்து, அறுபத்தொன்றாம் நாள் காலையில் அந்தக் குடும்பத்தை வக்கீலிடம் கொண்டுபோய் நிறுத்துவாள். இப்படியே பதினோரு பேர் வெளியே வந்திருக்கிறார்கள்.

பன்னிரண்டாவது ஆள் மணிராஜ். மண்டியில் வாழைத்தார் லோடு ஏற்றுகிறவன். வயல் கிணற்றிலிருந்து மோட்டார் திருடியதாகப் போன நவம்பர் இருபத்துநாலாம் தேதி உள்ளே வைத்தார்கள். அதே மாதிரி பழைய கேஸ் இரண்டு இருந்ததால் முதலில் கேட்ட ஜாமீன் தள்ளுபடியாகிவிட்டது. அவன் பெண்டாட்டி சுடலைவடிவு பீடி சுற்றுகிறவள். அவன் அப்பா இசக்கியப்பனுக்கு வாய்ப்புற்று. இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று பெரியாஸ்பத்திரியில் டிசம்பரிலேயே அனுப்பிவிட்டார்கள். அதிகம் போனால் இரண்டு மாதம் என்று டாக்டர் சொன்னதை வடிவு மாமனாரிடம் சொல்லவில்லை. அவருக்கே தெரிந்திருந்தது.

ஒரு நாள் ஸ்வீட்லினோடு நானும் அந்த வீட்டுக்குப் போனேன். பேச்சு வராது அவருக்கு. தெருவில் பைக் சத்தம் கேட்கிறபோதெல்லாம் தலையைத் தூக்கி வாசலைப் பார்த்தார். யார் என்று வடிவு எட்டிப் பார்த்து, இல்லை மாமா என்று சொன்ன பிறகுதான் தலையைக் கீழே வைத்தார். நாங்கள் இருந்த முக்கால் மணி நேரத்தில் ஐந்து பைக் போயிற்று. மகனை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும், அந்த மனுஷனுக்கு உலகத்தில் அது ஒன்றுதான் பாக்கி. திரும்பும்போது ஸ்வீட்லின், ஜனவரி இருபத்திமூணு, வெள்ளிக்கிழமை, அறுபத்தொன்றாம் நாள், அன்றைக்கு ஜாமீன் கேட்டுப் போட்டால் செவ்வாய்க்குள் வந்துவிடுவான் என்று இரண்டு தடவை சொன்னாள். சனி, ஞாயிறு கழிந்து திங்கட்கிழமை குடியரசு தினம். அதையும் கணக்கில் சேர்த்திருந்தாள்.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஊரில் இல்லை. நாகர்கோவிலில் அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், ஒரு மாதத்துக்கு முன்னாலேயே குறித்த நாள். வியாழக்கிழமை சாயங்காலம் வடிவைக் கடைக்கு வரச்சொல்லி, நான் கேட்டுக்கொண்டு இருக்கும்போதுதான் சொன்னாள். "ஏட்டி வடிவு, நாளைக்கு முத வேலையா மனுப் போட்டுரணும். எதுக்காகவும் நிக்காத. போட்டுட்டு எனக்கு போன் போடு." வக்கீல் பெயரையும் சொன்னாள்; வக்கீலிடமும் முன்னமே பேசி வைத்திருந்தாள். வடிவு எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை.

வடிவுக்கு இரண்டு மாதமாக மனு என்றால் ஒன்றே ஒன்றுதான். புருஷனைப் பார்ப்பது. மாமனாரைத் தனியே விட்டு வர முடியாமல் அதற்கு முந்தின வாரம் அவள் மனுப் பார்க்கவில்லை. அக்கா அதைத்தான் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டாள். வக்கீல் பெயரைச் சொன்னது வேறு காரியம், அதை அக்கா பார்த்துக்கொள்வாள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கே ஜெயில் வாசலில் போய் நின்று, தாளைக் கொடுத்து, புருஷனைப் பார்த்துவிட்டாள்.

பத்தேமுக்காலுக்கு ஸ்வீட்லினுக்கு போன் வந்தது. அவள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, மனுப் போட்டாச்சு."

"வாங்கிட்டாங்களா?"

"வாங்கிட்டாங்க. சீல் வச்சுக் குடுத்துட்டாங்க."

"நம்பர் குடுத்தாங்களா?"

"குடுத்தாங்க. பதினேழு."

அப்படியானால் செவ்வாய்க்கிழமை ஆள் வந்துவிடுவான், மாமாவிடம் சொல் என்று ஸ்வீட்லின் சொல்லியிருக்கிறாள். நர்ஸ் கூப்பிடவே போனை வைத்துவிட்டாள். ஆனாலும் அந்த நம்பர் அவளை உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. வக்கீலுக்கு அடித்தாள், அவர் எடுக்கவில்லை. வடிவு வருவாள் என்று பார்த்துப் பார்த்து, அவர் பன்னிரண்டு மணிக்கு வேறு கோர்ட்டுக்குப் போய்விட்டிருந்தார். ஆள் வராவிட்டால் என்ன ஆயிற்று என்று ஒரு போன் போட்டுக் கேட்க அவருக்குத் தோன்றவில்லை. கையில் எண்பது கேஸ் இருக்கிறதாம். சாயங்காலம் நாலரைக்கு ஸ்வீட்லின் எனக்கு அடித்தாள்.

இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்திருக்கிறேன் போலிருக்கிறது.

அன்றைக்கு நகல் பிரிவில் ஒரு தீர்ப்பு நகலுக்காக மூன்று மணி நேரம் நின்று, முத்திரைக் கட்டணம் குறைகிறது என்று திருப்பி அனுப்பப்பட்டு, தலைவலியோடு சைக்கிள் ஸ்டாண்டுக்கு வந்துகொண்டிருந்தேன். ஒரு எட்டு மேலே போய் அந்த மனு பதிவாகியிருக்கிறதா என்று பார்க்க முடியுமா என்று கேட்டாள். சீல் போட்டு நம்பரும் கொடுத்த பிறகு என்னத்தைப் பார்க்கணும் என்றேன்.

"நம்பர் ரொம்பச் சின்னதா இருக்கே அண்ணாச்சி."

"ஏம்மா, வருசம் பொறந்து மூணு வாரந்தான ஆவுது. அதுல பொங்கல் லீவு வேற. ஜனவரியில நம்பர் சின்னதாத்தான் இருக்கும். ஒனக்கு எல்லாத்துலயும் சந்தேகம்."

முப்பத்தோரு வருட அனுபவத்தோடு சொன்னேன். சொன்னது சரிதான், ஜனவரியில் நம்பர் சின்னதாகத்தான் இருக்கும். சரி அண்ணாச்சி என்று வைத்துவிட்டாள். மாடிப்படி என் முன்னால்தான் இருந்தது. இருபத்திரண்டு படி. அலுவலகம் மூட இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.

சனி, ஞாயிறு, குடியரசு தினம். திங்கட்கிழமை வடிவு நாவிதரை வீட்டுக்கு வரவழைத்து மாமனாருக்குச் சவரம் செய்யச் சொல்லியிருக்கிறாள். கன்னம் வீங்கிய பக்கத்தில் நாவிதர் கத்தியைப் படவிடாமல் சுற்றிச் சுற்றி எடுத்தாராம். வெள்ளை வேட்டி கட்டி, தலையணையை வாசல் பக்கமாக மாற்றிப் போட்டாளாம்.

செவ்வாய்க்கிழமை பத்தரைக்கு, மணிராஜுக்கு ஆர்டர் எப்போது வரும் என்று கேட்டுச் சொல்வதற்காக நானே மேலே போனேன். பதிவுப் பிரிவில் மூன்று பேர் வரிசை. எனக்கு முன்னால் ஒரு ஏட்டையா, கையில் கனத்த கட்டு. கட்டு அவிழ்ந்து தாள் நழுவியது. நூல் இருக்கா வே என்றார். குமாஸ்தா பையில் எப்போதும் நூல் இருக்கும், எடுத்துக் கொடுத்தேன். அவர் முடிச்சுப் போட, நான் விரலை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அவர் கொடுத்துவிட்டு நன்றி சொல்லிப் போனார். என் முறை வந்தது. பிரிவு எழுத்தர் இஷ்ரத் நல்ல பெண், என்னிடம் மரியாதையாகப் பேசும். பதினேழாம் நம்பர் வேறு யாரோ ஒருவருடைய வண்டியைத் திரும்பக் கேட்டுப் போட்ட மனு, மணிராஜ் பெயரில் எதுவும் இல்லை என்றது. பதிவேட்டை என் பக்கமாகத் திருப்பியும் காட்டியது. அப்புறம் அந்தக் கட்டைத் தொட்டு, மணிராஜுக்கு இப்பத்தான் சார்ஜ் ஷீட் வந்திருக்கு அண்ணாச்சி என்றது.

நான் போன் செய்ததும், நாகர்கோவிலிலிருந்து திரும்பியிருந்த ஸ்வீட்லின் வடிவைக் கடைக்கு வரவழைத்தாள். வக்கீல் மூச்சு வாங்க ஓடிவந்து பதினொன்றே காலுக்கு ஒரு மனுவை எழுதிக் கொடுத்தார். முக்கால் மணி நேரம் தாமதம். உரிமை முடிந்துவிட்டது என்று மறுநாள் தள்ளுபடி செய்தார்கள். ஆனால் அதையெல்லாம்விட எனக்கு மறக்காதது, கடையில் நடந்தது. மனு எங்கே என்று ஸ்வீட்லின் கேட்டதும், வடிவு பர்ஸைத் திறந்து நாலாக மடித்த ஒரு துண்டுச் சீட்டை எடுத்து மேஜையில் வைத்தாள். ஜெயில் வாசலில் கொடுக்கிற சீட்டு. வட்டமாகச் சீல் இருந்தது. பேனாவால் பதினேழு என்று எழுதியிருந்தது. "இதுதானக்கா" என்றாள். புருஷன் வரப்போகிறான் என்று தலை நிறையப் பூ வைத்திருந்தாள்.

ஸ்வீட்லின் அந்தச் சீட்டை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் அது வேறு மனு என்று பைய எடுத்துச் சொன்னாள். முதலில் வடிவுக்குப் புரியவில்லை. புரிந்ததும் அவள் அழவில்லை, பூவை மட்டும் எடுத்துப் பர்ஸுக்குள் வைத்துக்கொண்டாள். அந்தச் சீட்டு ஸ்வீட்லின் கடையில் ஜெராக்ஸ் எடுத்த தாளிலிருந்து கிழித்துக் கொடுத்தது. அதன் தலையில் இருந்த 'மனு', கட்டுக் கட்டாக அவளே எழுதி விற்ற வார்த்தை.

பிறகு மேல் கோர்ட்டுக்குப் போனோம். அங்கே அரசு வக்கீல் பதில் சொல்ல ஒரு வாரம் கேட்டார். அடுத்த வாரம் அவருக்குக் காய்ச்சல். அதற்கடுத்த தேதி பிப்ரவரி பத்து. எட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் இசக்கியப்பன் இறந்துபோனார். வாசல் பக்கம் போட்ட தலையணையை அதுவரை மாற்றவில்லை.

கொள்ளி வைக்க மகனை அனுப்ப வேண்டுமே, அதற்கும் ஒரு மனு. ஞாயிற்றுக்கிழமை ஜட்ஜ் வீடு தேடிப் போய் உத்தரவு வாங்கினாள் ஸ்வீட்லின். உத்தரவு சாயங்காலம் ஜெயிலுக்குப் போய்ச் சேர்ந்தது. காவலுக்கு வர ஆயுதப்படை ஆள் இல்லை, காலையில் பார்க்கலாம் என்றார்கள். குளிர்பெட்டியை வாடகைக்கு எடுத்து ஒரு ராத்திரி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமை பத்து மணிக்கு இரண்டு போலீஸோடு மணிராஜ் வந்தான். நாற்பது நிமிஷம் கொடுத்தார்கள். பெட்டியின் கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். அப்பா கடைசியில் ஏதாவது சொன்னாரா என்று பெண்டாட்டியிடம் கேட்டான். பேச்சு வராது என்பது அவனுக்குத் தெரியும். தெரிந்தும் கேட்டான்.

மறுநாள் ஸ்வீட்லின் துட்டிக்கு, துக்கம் விசாரிக்க, போனாள், நானும் கூடப் போனேன். வடிவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து, சுற்றி வளைக்காமல் பேசினாள்.

"தப்பு எம்மேலதான் வடிவு. ஜாமீன் மனுன்னு சொல்லிருக்கணும். மொட்டையா மனுன்னு சொல்லிட்டேன். பதினாலு வருசமா இதே வேலையப் பாக்கேன், எனக்குத் தெரிஞ்சிருக்கணும்."

வடிவு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இல்லக்கா. நீங்க சரியாத்தான் சொன்னிய. நாலு எழுத்துப் படிச்சிருந்தா எனக்கு வெளங்கியிருக்கும். ஒங்க பேரையும் கெடுத்துட்டேன். என்னை மன்னிச்சுக்கிடுங்க."

நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இரண்டு பெண்கள் ஒருத்தியிடம் ஒருத்தி மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வெள்ளிக்கிழமை நாலரை மணிக்கு இருபத்திரண்டு படி ஏறியிருந்தால், பதிவாகவில்லை என்பது ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். மூடுவதற்குள் வக்கீலைப் பிடித்து மனுவைப் போட்டிருக்கலாம். மணிராஜ் செவ்வாய்க்கிழமை வந்திருப்பான். இசக்கியப்பன் அதற்குப் பிறகும் பன்னிரண்டு நாள் உயிரோடு இருந்தார். இதெல்லாம் எனக்கு அங்கே நின்றபோதே தெரியும். நான் வாயைத் திறக்கவில்லை. கோபக்காரனுக்கு வாய் இல்லாமல் போன ஒரே நாள் அது.

பஸ்ஸுக்கு நிற்கும்போது கேட்டேன். என்கிட்ட நீ போன் பண்ணிக் கேட்டதை ஏன் சொல்லவில்லை என்று.

"ஒங்களச் சொன்னா அவ நாளைக்கு ஒங்ககிட்ட வரமாட்டா அண்ணாச்சி. கோர்ட்டுக்குள்ள அவளுக்கு வேற யாரு இருக்கா? அவன் இன்னும் உள்ளதான இருக்கான்."

அவ்வளவுதான் சொன்னாள். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு சொல்லி மனம் ஆறியிருப்பேன். அவள் மன்னிக்கவும் இல்லை, திட்டவும் இல்லை. நான் உபயோகப்படுவேன் என்று எடுத்து வைத்துக்கொண்டாள். எனக்கு அவள் மேலேயே கோபம் வந்தது.

அடுத்த வாரம் கடைச் சுவரில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினாள். ஜெயிலில் பார்ப்பது 'பார்க்கிற தாள்'. கோர்ட்டில் போடுவது 'வெளியே வருகிற தாள்'. இந்தக் கடையில் மனு என்று யாரும் சொல்லக்கூடாது. வருகிற ஒவ்வொரு பெண்ணையும் அதைத் திருப்பிச் சொல்லவைத்தாள். அவர்களும் சிரித்துக்கொண்டே சொன்னார்கள். சந்துக்கு எதிரே ஜெயில் வாசலுக்குப் போனதும், காவலர் உள்ளேயிருந்து சத்தம் போடுவார்: மனு இருக்கிறவங்கள்லாம் வரிசையில நில்லுங்க. ஜெயில் முழுக்க, கோர்ட் முழுக்க, கலெக்டர் ஆபீஸ் முழுக்க அதே வார்த்தை இருக்கும்போது ஒரு ஜெராக்ஸ் கடைக்காரி என்ன செய்ய முடியும்? இப்போது வார்த்தையை மாற்றச் சொல்லி மேலே எழுதிக்கொண்டிருக்கிறாள். ஒரு பதிலும் வரவில்லை.

பிப்ரவரி பத்தாம் தேதி மேல் கோர்ட்டிலும் தள்ளுபடியாயிற்று. மார்ச் முதல் வாரத்தில் அங்கேயே மறுபடி புதிதாக ஜாமீன் கேட்டார்கள். அன்றைக்கு மத்தியானம் வடிவு கோர்ட் வராந்தாவில் என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். கையில் பீடிப் புகையிலை வாசம். இரண்டடி தள்ளி நின்றுகொண்டு பேசினாள்.

"அண்ணாச்சி, போட்டாச்சுன்னு வக்கீலு சொல்லுதாரு. நான் கேட்டுட்டு வந்து சொன்னா அது தப்பாத்தான் இருக்கும். அன்னைக்கே ஒங்கள அனுப்பிப் பாக்கச் சொல்லிருந்தா எங்க மாமா அவுகளப் பாத்துருப்பாரு. எனக்குத்தான் அந்தப் புத்தி இல்லாமப் போச்சு. ஒரு எட்டு பாத்துச் சொல்லுதியளா?"

மேல் கோர்ட் அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. நான் போனேன். பதிவேட்டில் பெயரைப் பார்த்து, அப்பா பெயரைப் பார்த்து, நம்பரை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, மறுபடியும் ஒரு தடவை பார்த்தேன். இசக்கியப்பன் மகன் மணிராஜ். திரும்பி வந்து, பதிவாகியிருக்கிறது என்று சொன்னேன். வடிவு கையெடுத்துக் கும்பிட்டாள். நான் எதுவும் சொல்லாமல் அந்தக் கும்பிடை வாங்கிக்கொண்டேன்.